கை வைக்காதீங்க

அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது "கை வைக்காதீங்க" என்பதைத்தான். கல்கத்தாவில், பெஹாலாவில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே மாடியில் இருந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், "சாப்பிட்டியளா" என்று அவர் கேட்டதைவிட இதைச் சொன்னதுதான் ஜாஸ்தி. காலையில் நான் அடுப்புப் பற்ற வைக்கும்போதே பக்கத்து வீட்டில் கேட்கும். "ஏட்டி, கை வைக்காத, அப்படியே இருக்கட்டும்." பின்னாடியே செருப்பில்லாத கால் ஓடுகிற சத்தம், அலமாரிக் கதவு கிரீச்சென்கிற சத்தம். கேமரா எடுக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

கார்டன் ரீச் பக்கம் கப்பல் சம்பந்தப்பட்ட ஒரு ஆபீசில் அவர் குமாஸ்தா. எங்களுக்கு அதே வீட்டின் கீழே ஒரு கடை. அப்பளம், சாம்பார்ப்பொடி, புளி, நல்லெண்ணெய், ரயிலில் ஒரு வாரம் தாமதமாக வந்து சேரும் தமிழ்ப் பத்திரிகைகள், இவ்வளவுதான் சரக்கு. திருநெல்வேலிப் பேச்சு காதில் விழுந்துதான் முதல் முதலில் கடைக்குள் வந்தார். அன்றைக்கே நான் தங்கச்சி, அவர் அண்ணாச்சி, அவர் வீட்டம்மா எனக்கு மைனி. மாடியில் எங்கள் பக்கத்துப் போர்ஷன் காலியானதும் அவர்களே குடிவந்துவிட்டார்கள். தெருவைப் பார்த்து நீளமாக ஒரு பால்கனி. நடுவில் பலகை அடித்து, இந்தப் பாதி எங்களுக்கு, அந்தப் பாதி அவர்களுக்கு.

மனிதர்களை அவர் படம் எடுக்கமாட்டார். மூக்கு முளைத்த கத்தரிக்காய், டிராம் கம்பத்தில் மாட்டிக்கொண்டு காற்றில் உப்பி நிற்கும் ஒரு சட்டை, இரும்புக் கம்பியும் துடைப்பக்குச்சியும் வைத்துக் காக்கை கட்டின கூடு, தரையில் சிந்தின காப்பி வாத்து மாதிரி ஓடியிருப்பது. இதெல்லாம்தான் எடுப்பார். அந்தக் கத்தரிக்காய் அன்று குழம்புக்கு வாங்கினது. ஜன்னலுக்கு வெயில் பத்து மணிக்குத்தான் வரும் என்று அதைத் தொடவிடவில்லை. புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு மைனி காத்திருந்து பார்த்தாள்.

"இன்னைக்கு உங்க மூக்கைத்தான் வதக்கிப் போடணும்" என்றாள்.

"என் மூக்கு நாளைக்கும் இருக்கும். இது இருக்காது பாத்துக்க."

அதுதான் அவர் கணக்கு. நாளைக்கு இருக்காததை இன்றைக்கு எடுக்க வேண்டும். மனிதர்கள் நாளைக்கும் இருப்பார்கள்.

டிராம் டிப்போ பக்கத்து ஸ்டூடியோக்காரர் படம் கழுவித் தரும்போது, "தாதா, ஆப்னார் பாரிதே மானுஷ் நேய்?" என்று கேட்பாராம். உங்கள் வீட்டில் மனிதர்களே இல்லையா என்று. அதை எங்களிடம் சொல்லி அவரே சிரிப்பார். மைனி சிரிக்கமாட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளை ஒரு படம் அவர் எடுத்ததில்லை. ஒரு பூஜைக்கு மாம்பழக் கலரில் புதுச்சேலை கட்டிக்கொண்டு பந்தல் முன்னால் போய் நின்றாள். அவர் குனிந்து, பந்தல் மூங்கில் நிழலும் அவள் நிழலும் சேர்ந்து ஒட்டகம் மாதிரி விழுந்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எனக்கும் ரெண்டு மூக்கு இருந்தா எடுப்பாரு" என்றாள் என்னிடம். அவர்களுக்கு ஒரே மகன், அப்போது வெளியூரில் ஹாஸ்டலில் படித்தான். லீவுக்கு வந்தால் அவனும் இதையே வேறு மாதிரிச் சொல்வான். "என் சின்ன வயசு போட்டோ ஒண்ணு கிடையாது அத்தை. எங்க வீட்டு கெட்டில் மூடி போட்டோ பதினஞ்சு இருக்கு."

பெஹாலாவில் மழை என்றால் தெருவும் குளமும் ஒன்றுதான். ஒரு வருஷம் எங்கள் கடைக்குள் முழங்கால் தண்ணீர். என் வீட்டுக்காரர் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஒரு கை குடுங்க" என்று கத்துகிறார். இவர் மாடிப்படியில் கல்லாக நிற்கிறார். பின்னால் இருக்கிற குளத்திலிருந்து ஒரு கெண்டை மீன் கடைக்குள் வந்து, எடைத்தராசுத் தட்டு தண்ணீரில் கிடந்ததா, அதற்குள் ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தெரு ஆட்கள் பிடிக்கப் பாய்ந்தார்கள். இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "ஹாத் தியோ நா! ஹாத் தியோ நா!" என்றார். கை வைக்காதே என்பதை வங்காளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். படம் எடுத்து முடிக்கிறவரை மீனையும் தொடவில்லை, மூட்டையையும் தொடவில்லை. இரண்டு மூட்டை நனைந்து போயிற்று. அன்றிலிருந்து தெருவில் அவர் பேர் ஹாத்-தியோ-நா காக்கு, கை வைக்காதே சித்தப்பா. ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தங்கள் டீக்கோப்பையைக் காட்டி, "ஹாத் தியோ நா!" என்று கத்துவார்கள். அவரும் கை ஆட்டிவிட்டுப் போவார். நல்ல மனுஷன்தான். யார் மேலும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நாங்கள் விற்கிற பத்திரிகை ஒன்றில், வாசகர்கள் அனுப்புகிற அதிசயப் படங்களுக்கு ஒரு பக்கம் உண்டு. பிள்ளையார் மாதிரி மாங்காய், ஏழு தலைத் தென்னை, இப்படி வரும். அதில் தன் படம் ஒன்று வரவேண்டும். வருஷக்கணக்காக அனுப்பினார். கத்தரிக்காயை அனுப்பினார், மீனை அனுப்பினார். ஒவ்வொரு வாரமும் கட்டுப் பிரித்ததும் முதல் ஆளாக வந்து, கடை வாசலில் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். இருக்காது. மூடி வைத்துவிட்டு, "மாங்காய்தான் போட்டிருக்கான்" என்பார். அவ்வளவுதான்.

அந்தச் செடியை முதலில் பார்த்ததும் அவர்தான். பால்கனியைத் தாங்குகிற முட்டுக்கட்டை சுவரில் சேருகிற இடத்தில், எங்கள் நடுப்பலகைக்குக் கீழே, இரண்டு இலையோடு ஒரு அரசங்கன்று. கல்கத்தாவில் பழைய வீடென்றால் இது சகஜம். காக்கை எச்சத்தில் விழுந்து முளைக்கும், கண்ட இடத்தில் பிடுங்கிப் போடுவார்கள். அண்ணாச்சி கம்பியில் வயிற்றைக் கொடுத்துக் குனிந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, மண்ணே இல்ல பாத்தியா! சிமெண்டைத் தின்னு வளருது" என்றார். அப்புறம் வழக்கம்போல அந்தச் சொல்.

மாதம் ஒரு படம் எடுத்தார். இலை ஆறானது, பன்னிரண்டானது. பங்குனியில் தளிர் விட்டபோது செம்புத்தகடு மாதிரி மின்னியது. வேர் சுவரைப் பிளந்துகொண்டு, வயசானவர் கை நரம்பு மாதிரி வெளியே தெரிந்தது. வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "ஒரு சொட்டுத் தண்ணி ஒருத்தர் ஊத்துனது கிடையாது. அதான் அதிசயம்" என்பார். நான் உள்ளே போய்விடுவேன்.

ஏனென்றால் தண்ணீர் ஊற்றினது நான்தான்.

என் மகளைத் தூத்துக்குடியில் கொடுத்திருந்தது. ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லை. அரசமரத்தைச் சுற்று, தண்ணீர் விடு என்று ஊரிலிருந்து கடிதம் எழுதினார்கள். கல்கத்தாவில் அரசமரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாஷை தெரியாத ஊரில், தெருவில் நாலு பேர் பார்க்க மரத்தைச் சுற்றுகிற தைரியம் எனக்கு இல்லை. நான் கடைக்கு வருகிறவர்களிடமே முகம் பார்த்துப் பேசாதவள். அப்படி இருக்க, மரமே என் வீட்டுச் சுவருக்கு வந்தது எனக்காகத்தான் என்று நினைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில், யாரும் எழுந்திருக்கும் முன்னால், கம்பிக்கு நடுவே கையை விட்டு ஒரு செம்புத் தண்ணீர். பிறகு வெள்ளிக்கிழமை தினமும் ஆயிற்று. யாருக்கும் தெரியாது என்றுதான் இருந்தேன்.

மைனிக்குத்தான் பயம் பிடித்தது. விரிசல் அவர்கள் பாதியில் ஓடிற்று. அவள் அதை அளந்து வைத்திருந்தாள். சித்திரையில் காலண்டர் தாள் நுழையவில்லை. ஆனியில் தலைசீவுகிற சீப்பு உள்ளே போயிற்று. என்னைக் கூப்பிட்டுச் சீப்பைச் செருகிக் காட்டினாள்.

"இன்னா பாரு, பல்லு வரைக்கும் போவுது. அவருக்கு இது அதிசயமாம்."

அவரிடம் கெஞ்சினாள். "இங்கன நின்னுதான் நான் துணி காயப்போடுதேன். என்னைக்காவது என்னையும் சேத்து அள்ளிக்கிட்டுப் போவப் போவுது. பிடுங்கிப் போடுங்க."

"மழைக்காலம் முடியட்டும். இன்னும் நாலு படம். பத்திரிகைக்கு இதைத்தான் அனுப்பப்போறேன். கை வைக்காத."

வீட்டுச் சொந்தக்காரம்மா கீழே பின்கட்டில் இருந்தார்கள், நாங்கள் மாசிமா என்போம். அவர்கள் காதில் போட்டாள் மைனி. மாசிமா ஒரு கொத்தனாரை அனுப்பினார்கள். அவன் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, அரசமரத்தைப் பூஜை போடாமல் வெட்டினால் தன் வம்சத்துக்கு ஆகாது என்று இறங்கிவிட்டான். பூஜைக்கு நாள் பார்த்துச் சொல்லுங்கள் என்றான். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். அவனுக்குத் தன் கையாலே டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார். நாள் யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மைனி பலகைக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாள். "ஏ பிள்ள, நீ ஒரு வார்த்தை சொல்லேன் அவருகிட்ட. வாயே திறக்காதவ சொன்னா கேப்பாரு."

அவள் முகம் தெரியவில்லை. பலகை இடுக்கில் விரல்தான் தெரிந்தது. நான் சொல்லியிருக்கலாம். "அரசமரம் மைனி… பாவம்லா…" என்றேன்.  அவள் விரலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆவணியில் மூன்று நாள் விடாத மழை. நாலாவது நாள் காலையில் வெயில் அடித்தது. மழை விட்டதும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது அண்ணாச்சியின் வழக்கம், அப்போதுதான் வினோதமெல்லாம் வெளியே வரும் என்பார். மைனி ஊறிப்போன துணியை எடுக்கப் பால்கனிக்கு வந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். லாரியில் செங்கல் கொட்டுகிற மாதிரி சத்தம். ஓடிவந்து பார்த்தால், பலகைக்கு அந்தப் பக்கம் வானம் இருந்தது. பால்கனி இல்லை. அவர்கள் பாதி மட்டும் போய்விட்டது. அந்த மரம் என் பாதியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொங்குகிறது.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. மைனி செங்கல் மேல் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. "கால் இருக்கா பாரு" என்றாள் என்னிடம். டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள், ஒருத்தன் சைக்கிள் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தான். கையையும் காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். அப்போதுதான் அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். கழுத்தில் கேமரா. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவருகிறார், அன்றைக்கு மீனுக்கு நின்ற மாதிரியே. "ஹாத் தியோ நா! ஹாத் தியோ நா!"

ஒரு நிமிஷம் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஒருத்தன், "பைத்தியக்காரன், இப்பவும் படம் பிடிக்கணுமா!" என்று வங்காளத்தில் கத்தி அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். வார் அறுந்து கேமரா சாக்கடைத் தண்ணீரில் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "தங்கச்சி, கை வைக்காதம்மா. சொல்லு அவங்ககிட்ட. கை வைக்காதீங்க."

என் ஆயுசில் ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்து நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். "நீங்கள்லாம் ஒரு மனுஷனா?" என்றேன். மைனியின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். மூட்டையைத் தூக்குகிற மாதிரி நாலு பேரும் தூக்கி வண்டியில் போட்டோம். அவள் தமிழில் கத்தினது தூக்கின நாலு பேரில் எனக்கு மட்டும்தான் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, யார் இவர்களை இப்படித் தூக்கினது என்பது. முதுகெலும்பு விழுந்ததில் பாதி போயிருக்கிறது, தூக்கினதில் மீதி போயிருக்கும் என்றார். பலகையைக் கொண்டுவந்து அசைக்காமல் எடுத்திருக்க வேண்டுமாம். மகன் மறுநாள்தான் வந்து சேர்ந்தான், அவன்தான் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னான். அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.  "கை வைக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மைனிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி பிறகு வரவே இல்லை. இரண்டு வருஷம் படுக்கை. அப்புறம் போய்விட்டாள். மாலை போட ஒரு படம் தேடினார்கள். அலமாரி முழுக்கப் படம், அவள் ஒன்றில்கூட இல்லை. ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கினார்கள். அதில் அவள் முகம் யாரோ மாதிரி இருந்தது. அண்ணாச்சி அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, சுவரில் எங்கே ஆணி அடிக்கிறார்கள் என்று போய் நின்றுகொண்டார்.

பல வருஷம் கழித்து மகன் நியூ டவுனில் ஃபிளாட் வாங்கினான், பதினாலாவது மாடி. நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறிப் போய்ப் பார்த்தோம். மருமகள் வங்காளிப் பெண், தமிழ் கொஞ்சம் வரும். "பாபாவுக்குப் படம் எடுக்கிற ஃபோன் வாங்கிக் குடுத்தோம் அத்தை. பெட்டியே பிரிக்கல" என்றாள். அவர் பால்கனியில் இருந்தார். குனிந்து, சுவர் தரையில் சேருகிற ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போகிறார், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. தினமும் இரண்டு வேளை இப்படியாம். பச்சையாக எது தலை காட்டினாலும் நகத்தால் கிள்ளிப் போடுவாராம். துளசித்தொட்டியைக்கூட வைக்கவிடவில்லையாம்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். கேட்கவேண்டும் என்று ஒன்றை வருஷக்கணக்காக வைத்திருந்தேன். அவரே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கு நான் எதுக்குக் கை வைக்காதீங்கன்னு சொன்னேன்னு எனக்கே தெரியல தங்கச்சி. முதுகு அடிபட்டவங்கள அசைக்கக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிக் குடுத்திருக்காங்க, அது ஞாபகம் வந்துச்சா, இல்ல வாய்க்குப் பழகினதா? யோசிச்சுப் பாக்கேன், பிடிபடல. நீ ஏசுனது சரியாகூட இருக்கலாம்."

இல்லை அண்ணாச்சி என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது. மருமகள் டீ கொண்டுவரும்வரை இருந்தது. சொல்லவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அது மைனி உயிரோடு இருந்தபோது நடந்தது, படுக்கையில் விழுந்த ஆறாம் மாதம். அண்ணாச்சி ஆபீஸ் போனதும் அவளைத் துடைப்பது, கஞ்சி கொடுப்பதெல்லாம் நான்தான். ஒரு நாள் பத்திரிகைக் கட்டுப் பிரித்த என் வீட்டுக்காரர் மாடிக்கே ஓடிவந்துவிட்டார். "மைனி, அண்ணாச்சி படம் வந்திட்டு! கடைசியில போட்டுட்டான் பாருங்க!" மழைக்காலம் முடியும்வரை பொறுக்காமல், பால்கனி விழுவதற்கு முன்னாலேயே அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கத்தை விரித்து அவள் நெஞ்சில் வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினார். "யாரோ ஒரு பொம்பளை தண்ணி ஊத்துது, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

நான் எட்டிப் பார்த்தேன். சுவர், செம்புக் கலர் தளிர், கம்பிக்கு நடுவே நீட்டின ஒரு கை. சாய்ந்த செம்பு. தண்ணீர் நூல் மாதிரி இறங்குகிறது, அதில் காலை வெயில். கையில் இரண்டு கண்ணாடி வளையல், நடுவில் மாசிமா எனக்குக் கொடுத்த வெள்ளைச் சங்கு வளையல். கீழே, 'கல்கத்தாவில் ஒரு சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்!' என்று போட்டிருந்தது.

அவர் பார்த்திருக்கிறார். அவ்வளவு நாளும் தெரிந்திருக்கிறது. என் எதிரில் நின்றே, ஒரு சொட்டு ஒருத்தர் ஊற்றவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றவா, அதிசயத்தைக் காப்பாற்றவா? அதுவும் தெரியாது.

மைனி வெகுநேரம் பார்த்தாள். அந்த வளையல் கை தினமும் அவளுக்குக் கஞ்சி ஊட்டுகிற கை. இப்போது அவள் போர்வை மேல்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள்.

"என்னை ஒரு தடவை எடுக்கலியே" என்றாள். "கை அழகா விழுந்திருக்கு."

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "தண்ணி குடு" என்றாள்.

செம்பை எடுத்துவந்து, ஒரு கையால் அவள் தலையைத் தூக்கி, வாயில் சாய்த்தேன். அவள் உதட்டைத் திறக்கவில்லை. கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் செம்பை நிமிர்த்தத் தோன்றவில்லை. தண்ணீர் அவள் கன்னத்தில் இறங்கி, கழுத்து வழியாகத் தலையணைக்குள் போய்க்கொண்டே இருந்தது.